யாருடைய பாலம்? யாருடைய பானை?

கோயில், சோறு. இந்த நாட்டில் சாதி கெட்டியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற இடம் இந்த ரெண்டும்தான். யார் உள்ளே போகலாம், எதுவரைக்கும் போகலாம். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், எதைச் சாப்பிடலாம், எதில் சாப்பிடலாம். இதையெல்லாம் தீர்மானிப்பதற்குப் பேர்தான் சாதி. இந்த ரெண்டையுமே ஒரு பொட்டலமாகக் கட்டி, மேலே 'பாரம்பரியம்' என்று லேபிள் ஒட்டி, ஒரே நாளில் சுற்றிக் காட்டுகிறோம் வாருங்கள் என்று விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்குகிறவனும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போகிறான். பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை.

ராமேசுவரம் – தனுஷ்கோடி ஒருநாள் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் அக்னி தீர்த்தத்தில் முழுக்கு. அப்புறம் கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம். ஈரத்துணியை மாற்றிக்கொண்டு தரிசனம். பிறகு கலாம் வீடு, பேய்க்கரும்பு நினைவிடம். மத்தியானம் சாப்பாடு. சாயங்காலம் தனுஷ்கோடி, அரிச்சல்முனை, பொரித்த மீன். வேனில் ஏறியதிலிருந்து கைடுத் தம்பி ஒருவன் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டே வருவான். அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவனும் கூலிதான், மனப்பாடம் பண்ணிக் கொடுத்ததை ஒப்பிக்கிறான். மனப்பாடம் பண்ணிக் கொடுத்தவர்களிடம்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது.

மூன்றாம் பிரகாரத்தில் நிறுத்தி, 'ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு தூண்' என்கிறான். எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். சேதுபதிகள் கட்டியது என்கிறான். சரி. இந்தத் தீவு முழுக்க மணலும் பவளப்பாறையும். தூணுக்கு ஆகிற கருங்கல் இங்கே ஏது? கருங்கல் என்றால் கடலைத் தாண்டித்தான் வந்திருக்கணும். வெட்டியவன் யார், தோளில் சுமந்தவன் யார், தோணியில் ஏற்றியவன் யார்? ராசா பேர் இருக்கு, சுமந்தவன் பேர் இல்லை. பேர் தெரியாவிட்டால் போகட்டுமய்யா, சுமந்தவன்னு ஒருத்தன் இருந்தான் என்றாவது சொல்லக் கூடாதா?

கருவறையில் மராட்டியத்திலிருந்து வந்த பிராமணக் குடும்பங்கள்தான் வழிவழியாகப் பூசை செய்கின்றன. சிருங்கேரி மடத்தின் தீட்சை இல்லாமல் லிங்கத்தைத் தொட முடியாது. இதைக் கைடு பெருமையாகச் சொல்கிறான். இதே பெருமைக்கு இன்னொரு பக்கம் உண்டு. 1939 ஜூலை 8-இல்தான் கக்கன் உள்ளிட்ட நம் ஆட்கள், வைத்தியநாதய்யரோடு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கால் வைத்தார்கள். 1947-இல் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்க 1970-இல் ஒரு சட்டம், 2006-இல் ஓர் ஆணை, நடுவில் வழக்குக்கு மேல் வழக்கு. பயிற்சி முடித்த எல்லாச் சாதி அர்ச்சகர்களில் கொஞ்சப் பேருக்கு நியமன ஆணை கைக்கு வந்தது 2021 ஆகஸ்டில். வெளிவாசலைத் தாண்டுவதற்கே சட்டம் வேண்டியிருந்தது. உள்வாசலுக்கு அரை நூற்றாண்டு ஆகியும் இன்னும் தாண்டி முடியவில்லை. பூசை உரிமை பாரம்பரியம் என்றால், வாசலில் நிறுத்தியதும் அதே பாரம்பரியம்தானே? ஒன்றைச் சொல்லி ஒன்றை விழுங்குவது என்ன நியாயம்?

இருபத்திரண்டு கிணற்றுக்கு வருவோம். கிணற்று மேட்டில் நிற்கிற ஆள் வாளியால் மொண்டு தலையில் ஊற்றுகிறார். ஒவ்வொரு கிணற்றுத் தண்ணிக்கும் ஒரு ருசி என்கிறான் கைடு. உப்புக் கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர், கடவுளின் அற்புதம். ஆனால் இதே தீவின் கிழக்குக் கோடியில், தனுஷ்கோடியில், குடிசை போட்டிருக்கிற மீனவப் பெண்கள் மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணியைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் நிரப்பி வந்ததும் ஓர் அற்புதம்தான். அதற்கு டிக்கெட் கிடையாது. கிணறு என்றாலே நமக்கு வேறு நினைப்புத்தான் வருகிறது. 1927 மார்ச் 20-இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை தண்ணீரை அள்ளிக் குடித்ததற்கு, அந்தக் குளத்தையே தீட்டுக் கழித்துச் சுத்தம் பண்ணினார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. தண்ணீர் பாவத்தைக் கழுவும் என்று சொல்கிற மண்ணில், தண்ணீரை வைத்துத்தான் இத்தனை பாவமும் நடந்திருக்கிறது.

பாவத்தைக் கழுவிவிட்டு வருகிறவர்கள் கட்டியிருந்த துணியை அக்னி தீர்த்தக் கடலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசை கழிந்த மறுநாள் கரையைப் பாருங்கள். ஊறி நாறிக் கிடக்கிற சேலையையும் வேட்டியையும் யார் வாரி அள்ளுகிறார்கள்? அவர்கள் பாவத்தைக் கழுவ எத்தனை தீர்த்தம் ஆடணும்? துப்புரவுத் தொழிலாளி எந்தச் சாதி என்று தமிழ்நாட்டில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வேன் அந்த நேரத்துக்கு அங்கே வராது.

கலாம் வீட்டில் அரை மணி நேரம். ஏழைப் பிள்ளை, பேப்பர் போட்டார், ராக்கெட் விட்டார், ஜனாதிபதி ஆனார். எல்லாம் உண்மை. அதே கலாம் தன் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதியிருக்கிற இன்னொன்றைக் கைடு சொல்வதில்லை. விஞ்ஞான ஆசிரியர் சிவசுப்பிரமணிய அய்யர் அவரைச் சாப்பிட வீட்டுக்குக் கூப்பிடுகிறார். மடியான சமையற்கட்டில் முஸ்லிம் பையனுக்குப் பரிமாற மாட்டேன் என்கிறார் ஆசிரியரின் மனைவி. அய்யர் தானே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அடுத்தமுறை போனபோது அந்த அம்மாவே உள்ளே அழைத்துப் பரிமாறினாராம். நல்லது, அந்த அய்யரை மதிக்கிறோம். படகு வைத்திருந்த குடும்பத்துப் பையனுக்கே இந்தக் கதி என்றால், சேரிப் பையனை அந்தத் தெருவில் யார் சோற்றுக்குக் கூப்பிட்டிருப்பார்கள்? உணவுப் பாரம்பரியம் என்று ஒன்றைச் சொல்வதானால் முதலில் சொல்லவேண்டிய கதை இதுதான். இந்தச் சமையற்கட்டு வாசலைத்தான் சொல்லவேண்டும்.

மத்தியானச் சாப்பாடு. இங்கே சோற்றுக்கும் ஒரு வரைபடம் இருக்கு, கவனியுங்கள். கோயிலைச் சுற்றிச் சுத்த சைவம். மீன் வேண்டுமென்றால் கடலோரம், தனுஷ்கோடிப் பக்கம் போகணும். கருவாடு காயும் இடத்தில் வண்டி நிற்காது. கண்ணாடியை ஏற்றிவிடச் சொல்வார்கள். மாட்டுக்கறி பட்டியலிலேயே கிடையாது. நடுவில் கோயில், கடைசியில் சேரி என்று ஊரை எப்படி அமைத்தார்களோ அப்படியே சோற்றையும் அமைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் உப்புக்கண்டம் கூரையில் காயும். கம்பங்கூழும் கேப்பைக் களியும் வரகும் குதிரைவாலியும்தான் இந்த வறட்டுச் சீமையில் எங்களை உயிரோடு வைத்திருந்தன. இன்றைக்கு அதே குதிரைவாலி 'சிறுதானிய விருந்து' ஆகிவிட்டது. உப்புக்கண்டம் மட்டும் பாரம்பரியம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கூத்து. 'மண்பானைச் சமையல்' என்று சாலையோரம் போர்டு. மண்பானையில் வைத்த குழம்பு, மண்குவளையில் மோர். அதற்குத் தனி விலை. இந்த ராமநாதபுரம் ஜில்லாவில் மண்பானைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. சிவகங்கையும் விருதுநகரும் சேர்ந்திருந்த அன்றைய ஜில்லா. 1930 டிசம்பரில் கள்ளர் நாட்டார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. சட்டை போடக் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடு கொள்ளை போயின. 1931 ஜூனில் தடை பதினொன்று ஆனது. பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்கணும், செம்பு பித்தளை கூடாது. சும்மாட்டுக்குத் துணி கூடாது, வைக்கோல்தான். 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் இதையெல்லாம் தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

எங்க அப்பத்தா சாகும்வரை ஒரு பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கி விளக்கி வைத்திருந்தது. அதில் தண்ணி எடுத்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டால், 'எங்க ஆத்தா காலத்துல இதைத் தூக்கிட்டுப் போனா கொடத்தையா ஒடைப்பான், ஆளையில்ல ஒடைப்பான்' என்னும். அடித்து எங்கள் தலையில் ஏற்றிய மண்பானை இன்றைக்கு ஏ.சி. அறையில் பாரம்பரியமாக உட்கார்ந்திருக்கிறது. விரும்பி மண்பானையில் சாப்பிடுகிறவனுக்கு அது ருசி. வேறு பானையே கூடாது என்று விதிக்கப்பட்டவளுக்கு அது என்ன? அதை ஒரு வரி எழுதி அந்தப் போர்டுக்குக் கீழே மாட்டுங்கள், அப்புறம் சாப்பிடுவோம்.

இது நம்ம ஊர் வியாபாரிகள் மட்டும் செய்கிற வேலையும் இல்லை. ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் இதேபோல் ஒருநாள் பயணம். பௌத்தக் கோயில்கள், கூடவே துறவிகளின் சைவச் சாப்பாடு, 'ஷோஜின் ர்யோரி'. மாடு, குதிரை, கோழி தின்னக் கூடாதென்று கி.பி. 675-லேயே அரசகட்டளை போட்ட நாடு அது. கொன்ற பாவமும் தோலின் தீட்டும் யார் தலையில் விழுந்தன? தோல் தொழிலும் கசாப்பும் செய்த புராக்குமின் மக்கள் தலையில். 1871-இல் விடுதலைக் கட்டளை வந்தும் தீண்டாமை போகவில்லை. 1922 மார்ச் 3-இல் அதே கியோட்டோவில் அவர்கள் 'சுய்ஹெய்ஷா' என்ற சமத்துவச் சங்கத்தைக் கூட்டினார்கள். அவர்களுக்கும் ஒரு சோறு இருக்கு: மாட்டுக் குடலை அதன் கொழுப்பிலேயே வறுத்த 'அபுராகாசு', காயவைத்த குதிரை இறைச்சி. நம்ம உப்புக்கண்டத்துக்குப் பங்காளி. பௌத்தம் போதிக்கிற அந்தக் கோயில்களே, செத்துப்போன புராக்குமின்களுக்கு வைக்கிற பெயரில் 'மிருகம்', 'தோல்' என்று பொருள்படும் எழுத்துகளைச் சேர்த்துக் கல்லறையில் பொறித்தன. 1979-இல் சோதோ ஜென் பிரிவின் தலைவர் ஒருவர், ஜப்பானில் அப்படி ஒரு பாகுபாடே இல்லை என்று உலக மாநாட்டில் பேசினார். புராக்கு இயக்கம் விடவில்லை. கடைசியில் அவர் பேச்சைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. கல்லறைப் பெயர்களைத் தேடித் திருத்துகிற வேலையும் நடந்தது. அங்கே வாயைத் திறக்க வைத்தார்கள். இங்கே எந்த மடம், எந்த ஆதீனம் நம்மிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறது?

சாயங்காலம் தனுஷ்கோடி. தொட்டித் தண்ணீரில் மிதக்கிற கல்லை வழியிலேயே காட்டியாகிவிட்டது, ராமர் பாலத்துக் கல்லாம். இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலையும், நூற்றுக்கும் மேற்பட்டோரோடு கடல் கொண்டுபோன பாசஞ்சர் ரயிலையும் கைடு நன்றாகவே சொல்கிறான். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அன்றைக்கு ராமேசுவரத்தில் மாட்டிக்கொண்டதை இன்னும் நன்றாகச் சொல்கிறான். அரிச்சல்முனையில் கையை நீட்டி, 'அதோ அந்தப் பக்கம் இலங்கை, ராமர் போன வழி' என்கிறான்.

ராமர் போனாரோ இல்லையோ, நாங்கள் போனோம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டதும் இந்த வழியாகத்தான் எங்கள் சனம் கங்காணிக்குப் பின்னால் தேயிலைத் தோட்டத்துக்குப் போனது. பறையரும் பள்ளரும் சக்கிலியரும் அதில் பெரும்பகுதி. போவதற்கு முன் மண்டபம் முகாமில் அடைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து, எஸ்டேட் எண் பொறித்த தகரச் சீட்டைக் கொடுத்து, மூட்டையை எண்ணுவதுபோல் எண்ணி அனுப்பினார்கள். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. பங்காளிகள் ஆடுமாடு பிரிப்பதுபோல் பிரித்தார்கள். ரெண்டு மாதம் கழியுமுன் தனுஷ்கோடியே கடலுக்குள் போனது. அதற்கப்புறம் வந்தவர்கள் ராமேசுவரத்தில் வந்து இறங்கி, அதே மண்டபம் முகாமில் வரிசையில் நின்றார்கள். பாட்டனைச் சோதித்து அனுப்பிய இடத்தில் பேரனைச் சோதித்து எடுத்தார்கள். இன்றைக்கு அங்கே ஈழ அகதிகள் இருக்கிறார்கள். வேன் மண்டபத்தைத் தாண்டித்தான் பாலத்தில் ஏறுகிறது. ஒருநாளும் நின்றதில்லை. 'லெஃப்ட்ல பாருங்க, புது ரயில் பாலம்' என்று சொல்லிக்கொண்டே போய்விடுகிறார்கள்.

சுற்றுலாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் மீன் பொரிக்கிறவளும், சங்குமாலை விற்கிறவளும், வேன் ஓட்டுகிறவனும் பிழைக்கிறார்கள். நம் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். நான் கேட்பது கைடு கையில் இருக்கிற மைக்கை. மண்டபம் முகாம் வாசலில் ஒரு கல் நடுங்கள். எந்தச் சாதியார், எங்கே, எதற்காக இந்த வழியில் போனார்கள் என்று அதில் எழுதுங்கள். கைடுகளுக்குப் பயிற்சி கொடுக்கிற அரசாங்கம், ஹட்டன் எழுதிய பதினொரு தடையையும் பாடத்தில் சேர்க்கட்டும். அதுவரைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் கிழடுகட்டைகள் உயிரோடு இருக்கும்போதே, யார் எந்தத் தோட்டத்துக்குப் போனார்கள், எந்தக் கிணற்றில் விரட்டப்பட்டார்கள், எந்தக் குடத்தை ஒளித்து வைத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். ராமாயணத்தைச் சொல்ல ஆள் நிறைய இருக்கு. இதைச் சொல்ல நம்மைத் தவிர வேறு நாதி இல்லை. வண்டி மண்டபத்தில் நிற்கணும்.