சுட்ட கைக்கு முதல் மருந்து தண்ணீர். அந்தத் தண்ணீர் எங்கே?

சென்ற மாதம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கையில் வெள்ளைப் பூச்சோடு வகுப்புக்கு வந்தாள். விடியற்காலையில் தேத்தண்ணிக் கேத்தல் கவிழ்ந்து சுட்டதாம். பூசியிருந்தது பற்பசை. அம்மாவிடம் கேட்டேன். "அந்நேரம் பைப்புல தண்ணி வரல டீச்சர். வாளியில இருந்தது சோத்துக்கு. வேற என்னா செய்ய?" என்றார்.

தோழர்களே, அந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் வைத்தியம். சுட்ட உடனே காப்பு, மோதிரத்தைக் கழற்றுங்கள், வீங்கினால் கழராது. காயத்தை ஓடுகிற பச்சைத் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். சூடு தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்; அதை நிறுத்துவது தண்ணீர்தான். உடனே முடியாவிட்டாலும் மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தால் பலன் உண்டு. மலைக்குளிரில் சின்னப் பிள்ளையின் மற்ற உடம்பைப் போர்த்திவிடுங்கள். ஐஸ், பற்பசை, வெண்ணெய், மஞ்சள், முட்டை வெள்ளைக்கரு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான, ஒட்டாத துணியால் தளர்வாக மூடுங்கள். காயம் அவரவர் உள்ளங்கையை விடப் பெரிதென்றாலும், முகம், கை, மூட்டு, மறைவிடத்தில் பட்டாலும், மின்சாரம் அல்லது மருந்துத் தண்ணி சுட்டாலும், சுட்டது குழந்தை என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆபத்தென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஏற்புத் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

நான் பிறந்த காரைதீவில் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி நடக்கும். மதுரையை எரித்தவளின் கோபத்தைக் குளிர வைக்கும் சடங்கு அது. எரிந்ததைக் குளிர வைக்க வேண்டும் என்று தெரிந்த எங்கள் ஊரிலும் கை சுட்டால் பற்பசை தேடுவோர் உண்டு. ஆனால் அங்கே பல வளவுகளில் கிணறு இருக்கிறது. சொல்லிக் கொடுத்தால் அடுத்த நிமிடமே ஒரு வாளி அள்ளலாம். லயத்தில் எத்தனை குடும்பத்துக்கு ஒரு பைப்? அதிலும் எத்தனை மணிக்குத் தண்ணீர்? பீலிக்கு எவ்வளவு தூரம்? 20 நிமிடம் ஓடுகிற தண்ணீர் என்பது அங்கே வைத்தியக் குறிப்பு அல்ல, எட்டாத வசதி.

இதற்கெல்லாம் கவலையீனம் என்று தாய்மாரைக் குறை சொல்வது சுலபம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அடுப்பும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் யார்தான் கவனமாக இருக்க முடியும்? நம் நாட்டு சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குப்பி விளக்குச் சரிந்து எரிந்தவர்களுக்கு வைத்தியம் செய்தவர். எரிந்தவர்களைத் திட்டிக்கொண்டு அவர் இருக்கவில்லை, விளக்கையே மாற்றினார். குட்டையான, கனத்த, உருண்டு ஓடாத, திருகுமூடி போட்ட போத்தல் விளக்கைச் செய்தார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

நாமும் மாற்ற வேண்டியதை மாற்றக் கேட்போம். வீட்டுக்கு ஒரு பைப். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் அடுப்புத்திட்டு. டிஸ்பென்சரியிலும் பிள்ளை மடுவத்திலும் சுட்ட காயத்துக்கான துணியும் மருந்தும் எப்போதும் இருப்பில். சம்பளப் பேச்சுவார்த்தையில் இவை கடைசி வரியாக நிற்கக்கூடாது.

அதுவரை இரவில் படுக்குமுன் ஒரு வாளித் தண்ணீரை மூடி வையுங்கள். ஓடுகிற தண்ணீர் இல்லாத நேரத்தில் கோப்பையால் அள்ளி ஊற்றிக்கொண்டே இருக்கலாம். அடுத்த தலைவர்மார் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் லயத்தில் எத்தனை வீடு, எத்தனை பைப், எந்த நேரம் தண்ணீர் என்று எழுதிக் கொண்டு வாருங்கள். கோரிக்கையை அந்தக் கணக்கிலிருந்து தொடங்குவோம்.