மின்சாரக் காயமும் பின்வரும் கேடுகளும்

புதுச்சேரி நகரைச் சுற்றியுள்ள பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் முதலிய கொம்யூன்களில் கிணற்றுப் பாசனம் மின்சாரப் பம்புகளை நம்பி நிற்கிறது. ஏற்றமும் கமலையும் கொண்டு நீர் இறைத்த காலத்தில் இல்லாத ஓர் அபாயமும் அவற்றுடன் வந்துள்ளது. மின்சாரம் தாக்கி அவ்விடத்திலேயே மாண்டவரைக் கண்டு ஊரார் அஞ்சுகின்றனர். தாக்குண்டும் எழுந்து நடந்து வீடு சேர்ந்தவரைக் குறித்து எவரும் அஞ்சுவதில்லை. இவ்வலட்சியம் பெருந்தவறாகும்.

அடுப்புத் தீ தோலை முதலில் சுடும். மின்சாரமோ கையில் புகுந்து காலின் வழியே வெளியேறுகையில், இடையிலுள்ள தசை, நரம்பு, ரத்தக் குழாய் யாவற்றையும் ஊடுருவிச் செல்லும். வெளியே தெரிவது மிளகளவு கருகல். உள்ளே எலும்பை ஒட்டிய தசை வெந்திருக்கும். உமிக்குள் இட்ட நெருப்புக்கு இது ஒப்பாகும். 11,000 வோல்ட் கம்பியில் பட்டவர்க்கு இக்கேடு மிக அதிகம். 230 வோல்ட்டும் அற்பமன்று. உலர்ந்த தோல் மின்சாரத்தைப் பெரிதும் தடுக்குமாயினும், சேற்றில் நனைந்த தோலின் தடை 1,000 ஓம் அளவுக்குத் தாழக்கூடும்.

கேடுகள் தவணை முறையில் வருவன. சில மணி நேரத்தில் இருதயத் துடிப்பு தடுமாறலாம். கை கால் வீங்கி ரத்த ஓட்டம் தடைப்படலாம். வெந்த தசையினின்று மயோகுளோபின் என்னும் பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுப்பது அதன் அடையாளம். 1941-ஆம் ஆண்டில் லண்டன் நகரில், குண்டுவீச்சின் இடிபாடுகளில் நசுங்கி உயிரோடு மீட்கப்பட்டவர் சிலர் சில நாட்களில் சிறுநீரகம் பழுதுற்று இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்னும் வைத்தியர்கள் விவரித்தனர். மின்சாரக் காயத்திலும் அதே வழியில் கேடு நேர்கிறது. நலிந்த ரத்தக் குழாய் பல நாள் கழித்து உடையலாம். வாரங்கள், மாதங்கள் சென்றபின் கை கால் வலுவிழக்கலாம். கண்ணில் புரை படரலாம்.

நடவுக் காலத்தில் ஒரு நாள் வேலை கெடும், நகருக்குச் செல்வது வீண் செலவு என்று சிலர் கூறுவர். சிறுநீரகம் கெட்டபின் நேரும் செலவுக்கும் துன்பத்திற்கும் முன் அது எம்மாத்திரம்? கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனை இக்கிராமங்களுக்கு எட்டாத தொலைவில் இல்லை.

ஆதலின், மின்சாரம் தாக்கிய இடத்தில் முதலில் மெயின் சுவிட்சை அணைத்தல் வேண்டும். அதன் முன் தாக்குண்டவரைத் தொடலாகாது. மேலே செல்லும் கம்பியாயின் மின்சார இலாகா மின்னோட்டத்தை நிறுத்தும்வரை அருகே செல்லுதலும் ஆகாது. காயத்தில் மையோ நெய்யோ தடவாமல், அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

நிலச்சுவான்தாரின் கடமை அத்துடன் முடிவதில்லை. பம்பைப் பழுதுபார்க்கக் கூலியாளை ஏவியவர், ஆறு மாதம் கழித்து அவன் கண் மங்கினால் தமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லுதல் நியாயமன்று. விபத்தின் நாள், நேரம், வோல்ட் அளவு, மின்சாரம் பட்ட இடம் ஆகியவற்றைக் கிராம அதிகாரி அன்றே எழுதி வைத்தால், பின்னாளில் வைத்தியர்க்கும் உதவும், ஏழைக்கும் சான்றாகும். உயிர்ச்சேதம் மட்டுமன்றி, காயம் நேர்ந்தாலும் அறிவிக்க வேண்டுமென்று 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு விதிக்கிறது. காயம் சிறிதென்று கருதி அதனை மறைப்பது, உழைத்தவனின் உடலையும் அவன் குடும்பத்தின் ஜீவனத்தையும் ஒருங்கே பணயம் வைப்பதாகும்.