விரலுக்கு மறுமொழி வேண்டாமா?

ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். கண்களை மூடிக்கொண்டு உங்கள் சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றி, மீண்டும் மாட்டுங்கள். எளிதாக முடிகிறதல்லவா? அடுத்து, வீட்டிலுள்ள தொடுதிரைக் கைப்பேசியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பலகையைத் திரையில் வரவழைத்துவிட்டு, கண்களை மூடிக்கொண்டு உங்கள் பெயரைத் தட்டுங்கள். கண்ணைத் திறந்து பார்த்தால், திரையில் இருப்பது பெரும்பாலும் உங்கள் பெயராக இராது.

விரல் அதே விரல்தான். பொத்தானிடம் அதற்கு இருந்த திறமை, திரையிடம் எங்கே போயிற்று?

இக்கேள்வி ஓராண்டாக என் மனத்தில் இருந்து வருகிறது. ஓராண்டுக்கு முன், திரையில் மட்டுமே எழுதக்கூடிய கைப்பேசியை விட்டுவிட்டு, திரைக்குக் கீழே சிறு சிறு விசைகள் பதித்த கைப்பேசி ஒன்றுக்கு மாறினேன். கல்லூரியில் மாணவர்கள் சிரித்தார்கள். “என்ன சார், பழைய காலத்துக்கே போய்விட்டீர்களா?” என்று ஒருவன் கேட்டான். அவனுக்கு அன்று சொன்ன விடையைச் சற்று விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன். நான் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சோதித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

திரை எவ்வாறு அறிகிறது?

தொடுதிரை புதிய கருத்தன்று. இங்கிலாந்தில் மால்வெர்ன் என்னும் ஊரிலுள்ள ராயல் ரேடார் நிலையத்தில் பணியாற்றிய இ. ஏ. ஜான்சன் என்பவர், 1965ஆம் ஆண்டிலேயே இத்தகைய திரையைப் பற்றி எழுதியிருக்கிறார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோருக்கு அது உதவும் என்பது அவர் எண்ணம். 1970களில் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகம், தன் துகள் முடுக்கியைக் கட்டுப்படுத்தத் தொடுதிரைகளைச் செய்து பயன்படுத்தியது. 2007ஆம் ஆண்டில் ஐஃபோன் வந்த பிறகு அது உலகத்தார் கைக்கெல்லாம் வந்து சேர்ந்தது.

அதன் உள்ளே நடப்பது நீங்கள் பாடத்தில் படிக்கும் மின்தேக்கியின் வேலையே. கண்ணாடிக்கு அடியில், இண்டியம் டின் ஆக்சைடு போன்ற ஒளி ஊடுருவும் கடத்திப் பொருளால் ஆன கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இரு கோடுகள் சந்திக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு சிறு மின்தேக்கி. நம் உடலில் உப்பு கலந்த நீர் இருப்பதால் உடலும் ஒரு கடத்தியே. விரல் அருகில் வந்ததும் அந்த மின்தேக்கியின் தேக்குதிறன் சிறிது மாறுகிறது. மாற்றம் ஒரு பிகோஃபாரடுக்கும் குறைவு. பிகோஃபாரடு என்பது ஒரு ஃபாரடில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு! இவ்வளவு நுண்ணிய மாற்றத்தை வினாடிக்குப் பல பத்து முறை அளந்து, விரல் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது ஒரு சிறு சில்லு. இது பொறியியலின் பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிளாஸ்டிக் பேனாவின் முனையால் திரையை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. நகத்தின் நுனியாலும் பயனில்லை. விரலின் சதைப்பகுதி இலேசாகப் பட்டால் போதும். அதாவது, திரை உங்கள் விரலின் அழுத்தத்தை அறிவதில்லை. அது இருப்பதை மட்டுமே அறிகிறது.

விசை எவ்வாறு பேசுகிறது?

திருவிழாக் கடைகளில் விற்கும் தகரத் தவளைப் பொம்மையை நினைத்துப் பாருங்கள். வளைந்த தகட்டை மெல்ல அழுத்தினால் அது எதிர்க்கும். எதிர்ப்பு கூடிக்கொண்டே போய், ஓர் எல்லையில் ‘டக்’ என்று தகடு உள்வாங்கும். அக்கணத்தில் விரலுக்கு எதிரான விசை சட்டெனக் குறைந்துவிடுகிறது. கைப்பேசி விசைகளின் அடியில் இருப்பதும் இவ்வாறான சிறு குமிழ்த்தகடுதான். அது உள்வாங்கும்போதே மின்சுற்றும் மூடுகிறது. அந்த ‘டக்’ என்னும் உணர்வே, “உன் கட்டளை வந்து சேர்ந்தது” என்று விசை விரலுக்குச் சொல்லும் மறுமொழி.

அதைக் கேட்கும் காதுகள் நம் தோலில் இருக்கின்றன. மெர்க்கல் அணுக்கள் என்பவை விளிம்புகளையும் வடிவங்களையும் உணர்கின்றன. பாசினி நுண்ணுறுப்புகள் வினாடிக்கு ஏறத்தாழ 250 என்ற அளவிலான அதிர்வுகளை மிகக் கூர்மையாக உணர்கின்றன. விரல் நுனியில் இரண்டு மூன்று மி.மீ. இடைவெளியுள்ள இரு முனைகளைக்கூடத் தனித்தனியே உணர முடியும். நண்பரைக் கண்ணை மூடச் செய்து, முனை மழுங்கிய இரண்டு பென்சில்களை வைத்து இதைச் சோதிக்கலாம். இத்தொடுவுணர்வுக்கு அடிப்படையான புரதங்களைக் கண்டறிந்ததற்காக ஆர்டெம் படபூட்டியன் 2021ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். உடன் பெற்றவர் டேவிட் ஜூலியஸ்.

இத்தனை கருவிகளை இயற்கை விரல் நுனியில் வைத்திருக்க, வழவழப்பான கண்ணாடி அவற்றுக்கு என்ன செய்தி தருகிறது? ‘அ’ இருக்கும் இடமும் ‘ஆ’ இருக்கும் இடமும் விரலுக்கு ஒன்றே. “திரையும் அதிர்கிறதே” என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த அதிர்வு, தொட்ட பிறகு வருவது. விரல் எங்கே இருக்கிறது என்பதை அது முன்கூட்டிச் சொல்வதில்லை.

இங்கேதான் முக்கியமான வேறுபாடு இருக்கிறது. விசைப்பலகையில் தடவிப் பார்ப்பது வேறு, அழுத்துவது வேறு. உங்கள் பள்ளிக் கணிப்பொறியின் விசைப்பலகையில் எஃப், ஜே ஆகிய எழுத்துகளின் மேல் சிறு மேடு இருப்பதைக் கண்டிருப்பீர்கள். விரல்கள் அம்மேடுகளைத் தடவி, தம் இடத்தை அறிந்துகொள்ளும். எதுவும் தட்டப்படாது. திரையிலோ, தொடுவதே கட்டளை. தேடுவதற்கு விரலுக்கு உரிமை இல்லை. எனவே தேடும் வேலை கண்ணுக்குப் போய்விடுகிறது.

எதிர்த்தரப்பின் நியாயம்

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ 37,000 பேர் தம் கைப்பேசித் திரையில் தட்டும் வேகம் அளக்கப்பட்டது. சராசரி, நிமிடத்துக்கு 36 சொற்கள். கணிப்பொறி விசைப்பலகைக்கு அதற்கு முந்திய ஆண்டு 1,68,000 பேரிடம் நடந்த ஆய்வில் கிடைத்த சராசரி, சுமார் 52 சொற்கள். பத்து விரல்களால் எட்டிய வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கை, பெரும்பாலும் இரு கட்டைவிரல்களாலேயே எட்டிவிட்டார்கள்! அதிலும் உங்கள் வயதினர், பெற்றோர் வயதினரைவிட நிமிடத்துக்குப் பத்துச் சொற்கள் கூடுதலாகத் தட்டினார்கள். என் புதிய கைப்பேசியில் முதல் மூன்று வாரங்கள் நான் முன்னைவிட மெதுவாகவே எழுதினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மேலும், திரையின் எழுத்துகள் வெறும் ஒளி. வேண்டும்போது தமிழ், வேண்டும்போது ஆங்கிலம், வேண்டும்போது எண்கள் என்று மாற்றிக்கொள்ளலாம். விசையில் அச்சிட்டதை மாற்ற முடியாது. என் கைப்பேசியின் விசைகளில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. 1999ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகை, உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்யெழுத்துகளை வலக்கைக்கும் பகிர்ந்தளிக்கும் அழகான அமைப்பு. அதை என் கைப்பேசி விசைகளின் மேல் காண முடியாது. ஆகவே நீண்ட தமிழ்க் கடிதம் எழுதும்போது நான் இன்றும் திரையையே தொடுகிறேன். இவ்வகையில் திரை தமிழுக்குச் செய்த உதவி பெரிது. பார்வையற்றோருக்கும் அது வழி செய்திருக்கிறது. விரல் படும் இடத்தைக் குரலாகப் படித்துக் காட்டும் வசதி 2009ஆம் ஆண்டிலேயே ஐஃபோனில் வந்துவிட்டது.

பின் ஏன் மாறினேன்? இரண்டு காரணங்கள்.

முதலாவது, ஊகம். கைப்பேசித் திரையின் அகலம் சுமார் 65 மி.மீ. ஒரு வரிசையில் பத்து எழுத்துகள் என்றால், ஒவ்வொன்றுக்கும் ஆறரை மி.மீ.தான் கிடைக்கும். கட்டைவிரல் படும் இடமோ அதைவிட அகலம். ஆகவே எந்த எழுத்தைத் தொட எண்ணினீர்கள் என்பதைச் சில வேளைகளில் நிரல்தான் ஊகிக்கிறது. சொல்லையே திருத்தியும் விடுகிறது. ஒருமுறை ஒரு மாணவனுக்கு, உராய்வைக் குறிக்கும் ‘ஃபிரிக்‌ஷன்’ சோதனையை நாளைக்குள் முடிக்கும்படி ஆங்கிலத்தில் எழுதினேன். அது ‘ஃபிக்‌ஷன்’ என்று திருத்தப்பட்டுப் போய்ச் சேர்ந்தது. கற்பனைக் கதையில் என்ன சோதனை என்று அவன் விழித்தான்! விசையில் நான் செய்யும் பிழைகள் என்னுடையவை. அவற்றை என் விரல் உடனே உணர்கிறது, நானே திருத்துகிறேன். பிழையிலிருந்து கற்பதற்கு, அது பிழை என்று முதலில் நமக்குத் தெரிய வேண்டுமல்லவா?

இரண்டாவது காரணம், என் அம்மா. அவர்களுக்குக் கண்பார்வை பெரிதும் மங்கிவிட்டது. ஆயினும் எரிவாயு அடுப்பின் திருகையும் மின்விசிறியின் திருகையும் தடவியே இயக்குவார்கள். வசதியாக இருக்கட்டும் என்று மின்தூண்டல் அடுப்பு ஒன்று வாங்கி வந்தேன். அதன் முகப்பு முழுவதும் ஒரே கண்ணாடி, தொட்டால் இயங்கும் வகை. அம்மாவுக்கு ‘நிறுத்து’ எங்கே, ‘கூட்டு’ எங்கே என்று தெரியவில்லை. நான் கெட்டிப் பசையால் புள்ளிகள் வைத்துக் கொடுத்தேன். அப்போதுதான் என் அறியாமை எனக்குத் தெரிந்தது. அம்மா புள்ளியைத் தேடித் தடவும்போதே, வழியிலிருந்த கட்டளைகளையெல்லாம் அடுப்பு ஏற்றுக்கொண்டது! நிறுத்தப் போனவர்கள் வெப்பத்தைக் கூட்டிவிட்டார்கள். “இதுக்கு என் கை பேசறது புரியலைப்பா” என்று சொல்லிவிட்டு, பழைய அடுப்புக்கே போய்விட்டார்கள். நாற்பது ஆண்டுகள் சமைத்த கையை, ஒரு கண்ணாடித் தகடு உதவாத கை ஆக்கிவிட்டது. இயற்பியல் கற்பிக்கும் நான் அதை வாங்கும்போது ஒரு கணம் கண்ணை மூடிப் பார்த்திருந்தால் போதும்.

கப்பலிலும் காரிலும்

இது வீட்டோடு நிற்கும் செய்தியன்று. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சிங்கப்பூருக்கு அருகில் அமெரிக்கக் கடற்படையின் ‘ஜான் எஸ். மெக்கெய்ன்’ என்னும் போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. பத்து மாலுமிகள் இறந்தனர். போதிய பயிற்சியின்மை முதலான பல காரணங்கள் விசாரணையில் வெளிவந்தன. தொடுதிரைக் கட்டுப்பாட்டு அமைப்பும் அவற்றுள் ஒன்று. இரு பக்கத்து உந்திகளின் வேகம் வேறுபட்டிருந்ததைக் கையால் உணரும் வாய்ப்பு இயக்கியவருக்கு இல்லை. கைப்பிடி நெம்புகோல்கள் இருந்திருந்தால், ஒன்று முன்னும் ஒன்று பின்னும் இருப்பதைக் கையே சொல்லியிருக்கும். அவற்றை மீண்டும் பொருத்தப்போவதாகக் கடற்படை 2019ஆம் ஆண்டில் அறிவித்தது.

கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ‘யூரோ என்கேப்’ அமைப்பும், திசை விளக்கு, ஒலிப்பான், மழைத் துடைப்பான் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான்களோ நெம்புகோல்களோ இருப்பதை ஊக்குவிக்கும் விதிகளை 2026ஆம் ஆண்டு முதல் கொண்டுவந்துள்ளது. சாலையைப் பார்க்க வேண்டிய கண்ணைத் திரைக்கு இழுக்கக் கூடாது என்பதே இதன் கருத்து.

ஆகவே, எது பழையது, எது புதியது என்பதன்று கேள்வி. படம் பார்க்கவும் வரைபடத்தை விரித்துப் பார்க்கவும் திரையே சிறந்தது. அங்கே கண்தான் வேலை செய்கிறது. கண்ணுக்கு வேறு வேலை இருக்கும் இடத்திலும், கண்ணே இல்லாத இடத்திலும், கைக்குக் கருவி மறுமொழி சொல்லியாக வேண்டும். தட்டையான கண்ணாடியில் நகரும் பாகங்கள் இல்லை, துடைப்பதும் எளிது. ஆனால் அதனால் மிச்சமாகும் உழைப்பை யார் தலையில் ஏற்றுகிறோம் என்று கேட்க வேண்டும்.

மாணவர்களே, உங்களில் பலர் நாளை கருவிகளை வடிவமைக்கப் போகிறவர்கள். அதற்கு இப்போதே ஒரு பயிற்சி தருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீட்டிலுள்ள கருவிகளை ஒரு தாளில் பட்டியலிடுங்கள். கண்களைக் கட்டிக்கொண்டு எவற்றை இயக்க முடிகிறது, எவற்றை இயக்க முடியவில்லை என்று குறியுங்கள். சூடான அடுப்பையும் மின் இணைப்புகளையும் மட்டும் பெரியவர் துணையின்றித் தொட வேண்டா. பிறகு அத்தாளை உங்கள் வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் படித்துக் காட்டி, அவர்களுக்கு எது கடினம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடையையும் அதே தாளில் எழுதி வையுங்கள். நீங்கள் முதன்முதலாக ஒரு கருவியை வடிவமைக்க உட்காரும் நாளில் அந்தத் தாள் உங்களுக்குத் தேவைப்படும்.