பழியைக் கணிப்பொறி மேல் போடலாமா?

சரக்கு, கணக்கு, விற்பனை ஆகிய அனைத்தையும் ஒரே மென்பொருளில் இணைப்பதை ஈ.ஆர்.பி. என்பர். அது தோற்றால் எல்லோரும் கணிப்பொறியையே ஏசுகின்றனர். எனக்கு இதில் உடன்பாடில்லை.

அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்தைப் பாருங்கள். 11 கோடி டாலருக்கு மேற்பட்ட செலவில், 48 மாதம் பிடிக்கும் என்று கணித்த வேலையை 30 மாதத்தில் முடிக்க முனைந்தனர். எஸ்.ஏ.பி. உள்ளிட்ட மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை ஒருசேர ஓட்டத் தொடங்கிய மாதம் எது தெரியுமா? 1999 ஜூலை! அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கு மிட்டாய் ஆர்டர்கள் குவியும் நேரம். கிடங்கில் மிட்டாய் இருந்தது. கடைக்குப் போய்ச் சேரவில்லை. சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்கள் தேங்கின. அந்தக் காலாண்டின் லாபம் 19 சதவீதம் சரிந்தது.

கிடங்கில் பெட்டி எண்ணும் ஊழியர் “இன்னும் பழகவில்லை ஐயா” என்றால், குறித்த நாளைத் தள்ளிவைக்கும் துணிவு மேலாளருக்கு வேண்டும். அந்தத் துணிவை எந்த மென்பொருளோடும் சேர்த்து விற்பதில்லையே! 2002இல் அதே ஹெர்ஷி, அதே எஸ்.ஏ.பி.யின் புதிய பதிப்புக்கு மாறியது. அப்போது இந்த அமளி எதுவும் நேரவில்லை.