அளவு நாடாவுக்கு முன் ஒரு கேள்வி

பொழிச்சலூர், பம்மல் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் நம் தோழர்களிடம் இரண்டு வகை வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைவரை போய்வந்து, “முட்டி வலிக்குது, ஃபிட் பார்க்கணும்” என்று கியர் சைக்கிளை நிறுத்துபவர் ஒருவர். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய வண்டிக்குப் பஞ்சர் ஒட்ட வருபவர் இன்னொருவர். முன்னவருக்கு நாடா, கோணமானி, செல்போன் வீடியோ என்று எல்லாம் எடுக்கிறோம். பின்னவரின் சீட் நாலு விரல் தாழ்ந்திருப்பது கண்ணில் பட்டாலும், பஞ்சர் காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறோம். நாள் முழுக்க வண்டியிலேயே பிழைப்பவர் அவர்தான்.

அளவெடுப்பது பந்தய வண்டிக்கே உரிய சமாச்சாரம் என்ற எண்ணம் வந்ததற்குக் காரணம், நாம் கையாளும் சூத்திரங்கள் பிறந்த இடம். உள்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்கினால் பிபி (கிராங்க் சுழலும் அச்சு) நடுவிலிருந்து சீட் மேல்மட்டம் வரையிலான உயரம் கிடைக்கும் என்பது பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமார் வழியாக, பந்தய வீரர் கிரெக் லெமாண்டால் பரவிய கணக்கு. உள்கால் நீளத்தில் 109 விழுக்காடு என்பது 1967இல் ஹாம்லி, தாமஸ் என்ற ஆய்வாளர்கள் ஆய்வக எர்கோமீட்டரில் (நிலைசைக்கிளில்) கண்டது. அது பெடல் அச்சிலிருந்து சீட் வரை.

78 செ.மீ. உள்கால் உள்ள ஒருவருக்கு இரண்டையும் போட்டுப் பாருங்கள். முதல் கணக்கில் 68.9 செ.மீ.; 170 மி.மீ. கிராங்கைச் சேர்த்தால் பெடலிலிருந்து 85.9. இரண்டாவது கணக்கில் 85.0. ஒரே காலுக்கு 9 மி.மீ. வித்தியாசம். கிராங்க் 165 என்றால் வித்தியாசம் 4 மி.மீ. ஆகிவிடும், ஏனென்றால் 0.883 கணக்கு கிராங்க் நீளத்தைப் பார்ப்பதே இல்லை. ஆக, சூத்திரம் தருவது தொடங்கும் இடத்தை மட்டுமே. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் மடக்கு 25 முதல் 35 பாகைக்குள் நிற்கிறதா என்று கோணமானி வைத்துப் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும். நிறுத்திவைத்து எடுத்த கோணத்தைவிட ஓட்டும்போது மடக்கு கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தக் கணக்குகளில் எதிலும் ரப்பர் செருப்பு கிடையாது. நம் தெருக்களில் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் செருப்போடு, நடுப்பாதத்தால் மிதிக்கிறார்கள். முன்பாதத்தால் மிதிப்பவருக்குக் கணுக்கால் நீண்டு கொடுக்கும். நடுப்பாதத்தால் மிதிப்பவருக்கு அந்த நீட்சி கிடையாது. குதிகாலைப் பெடலில் வைத்துக் கால் நேராகும் உயரத்தில் சீட்டை நிறுத்தும் பழைய முறை, முன்பாதக்காரருக்குச் சரியாக அமையும். நடுப்பாதக்காரருக்கு ஏறிப்போய்விடும், இடுப்பு இருபக்கமும் ஆடத் தொடங்கும், முழங்காலுக்குப் பின்புறம் வலிக்கும். உள்காலை வெறுங்காலோடு அளப்போம், சரிதான். ஆனால் சீட்டில் உட்கார வைத்துப் பார்க்கும்போது, அவர் தினமும் போடும் செருப்பையே போடச் சொல்வோம்.

இன்னொரு பக்கம், சீட்டைத் தாழ்த்தியே வைத்துக்கொள்பவர்களின் நியாயம். பம்மல் மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் ஒதுங்கி ஒதுங்கிக் கால் ஊன்றுபவருக்கு இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று தோன்றுவது இயற்கை. அதற்கு விலை முட்டியின் முன்புற வலி. சீட்டை ஒரேயடியாக உயர்த்தினால் மறுநாளே அவர் ஸ்பேனர் எடுத்து இறக்கிவிடுவார். வாரத்துக்கு ஒரு விரல் அளவு உயர்த்துங்கள். நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கிக் கால் ஊன்றக் கற்றுக்கொடுங்கள். சரியான உயரம் பாதி நம் கையில், மீதி அவர் பழக்கத்தில்.

உடம்புக்குப் பொருந்தாத வண்டியைத் தெரிந்தே தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றபோது, லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். பிள்ளையை முன்கம்பியில் உட்கார வைக்கலாம் என்பதற்காகவே அதை விரும்பியவர்களும் இருந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அவர்களிடம் போய் “இந்த ஃபிரேம் உங்களுக்குப் பெரிது” என்று மட்டும் சொல்லும் ஃபிட்டர், பாதி வேலைதான் செய்தவர்.

ஆகவே நாடாவை எடுக்கும் முன் கேளுங்கள்: காலில் என்ன போட்டு ஓட்டுகிறீர்கள்? ஒரு நாளில் எவ்வளவு தூரம், எத்தனை நிறுத்தம்? என்ன ஏற்றுகிறீர்கள்? வீட்டில் வேறு யார் இதே வண்டியை எடுக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் ‘மூன்று பேர்’ என்றால், சீட் பைப்பில் மூன்று நிறத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிக் கொடுங்கள். பைப்பில் எல்லைக் கோடு இல்லாவிட்டால் குறைந்தது 7 செ.மீ. உள்ளே இருக்கட்டும்.

இதை இன்றே தொடங்க ஓர் இடம் இருக்கிறது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிந்த அரசின் விலையில்லா சைக்கிள் திட்டத்தில், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வண்டி வருகிறது. ஐந்தடிக்குக் குறைந்த பெண்ணும் ஐந்தரை அடிப் பெண்ணும் ஏறுவது ஒரே அளவு ஃபிரேமில். அதில் நாம் மாற்ற முடிந்தது சீட்டும் ஹேண்டில் பாரும்தான். அதற்குப் பத்து நிமிடம் போதும். வளரும் வயது, ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். வண்டி வந்திறங்கும் நாளில் அருகிலுள்ள பள்ளிக்கு ஒரு ஸ்பேனரோடும் நாடாவோடும் போய் நிற்பது நம் சங்கங்களுக்குப் பெரிய செலவு அல்ல.

கடைக்கு வரும் வண்டிக்கும் ஒரு வழக்கம் வைப்போம். டயர், செயின் மாற்றினால் பில்லில் எழுதுகிறோம். சீட் உயரத்தையும் அதே பில்லில் ஒரு வரி எழுதி, அதற்கென்று தனியாகக் காசு கேட்போம். கூலி இல்லாத வேலையை வாடிக்கையாளர் மதிக்கமாட்டார். நாமும் தொடர்ந்து செய்யமாட்டோம்.