வாடகை மூச்சு!

எல்.டி.சி.யில் அந்தமான் போகிறவர்கள் இப்போது ஸ்கூபா மாட்டிக்கொண்டு கடலுக்கு அடியிலும் இறங்குகிறார்கள். தப்பில்லை. ஆனால் முதுகில் ஏறும் சிலிண்டர் வாடகைச் சரக்கு! வாடகை சைக்கிளில் பிரேக் பிடிக்காவிட்டால் காலை ஊன்றலாம். 10 மீட்டர் ஆழத்தில் எங்கே ஊன்றுவது?

கரையிலேயே சோதிக்க வேண்டும். மீட்டரைப் பார்த்தபடி வாய்க்குழாயில் நாலு மூச்சு இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் விழுந்து எழுந்தால் வால்வு முழுசாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். காற்றில் எண்ணெய் வாடை அடித்தால் தொடவே கூடாது.

"அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்" என்றால் மசியக் கூடாது. வேறு சாமான், இல்லையேல் பணம் வாபஸ்!

"எங்கள் பொறுப்பல்ல" என்று எழுதி வாங்கினால் போதுமா? சேவையில் குறை என்றால் நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுக்க 2019-ம் வருடச் சட்டம் இருக்கிறது. பழுதானதை அடுத்தவர் முதுகில் கட்டாமல் ஒதுக்கி வைப்பதே யோக்கியமான வியாபாரம்!