‘டியூபை மாற்றினால் போதும்’ என்பது சரியா?

சிலிண்டரிலிருந்து குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்கு மாறும் வீடுகளில் ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது: அடுப்பில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை, ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு டியூபைப் புதுக் குழாயில் செருகினால் போதும். எண்ணூரில் 2019இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் இயங்கத் தொடங்கியது. அதன் பின் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் குழாய் இணைப்புகள் பரவிவரும் நிலையில் இக்கருத்து ஆபத்தானது. இதில் ஓரளவு உண்மை உண்டு. பெரும்பாலான அடுப்புகளைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. உடலும் பல மாடல்களில் பர்னரும் அப்படியே இருக்கலாம். ஆனால் வாயுவை அளந்து விடும் உறுப்பான ஜெட் மாறியே ஆக வேண்டும்.

1. ‘எல்லாம் எரிகிற வாயுதானே?’

சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி.ஜி. குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு ஏறத்தாழ 38 மெகாஜூல் வெப்பம் தரும். அதே அளவு புரோப்பேன் அதைப் போல் இரண்டரை மடங்கு தரும், பியூட்டேன் இன்னும் அதிகம். எரியத் தேவையான காற்றும் வேறுபடும்: ஒரு பங்கு மீத்தேனுக்குச் சுமார் 9.5 பங்கு காற்று, புரோப்பேனுக்கு 24, பியூட்டேனுக்கு 31. அழுத்தமும் ஒன்றல்ல. சிலிண்டர் ரெகுலேட்டர் ஏறத்தாழ 30 மில்லிபாரில் வாயுவைத் தருகிறது. வீட்டுக் குழாயில் வருவது 21 மில்லிபார். இந்திய தர நிர்ணய அமைவனமும் எல்.பி.ஜி. அடுப்புக்கு ஐ.எஸ். 4246, குழாய் எரிவாயு அடுப்புக்கு ஐ.எஸ். 17153 எனத் தனித்தனித் தரநிலைகளை வகுத்திருக்கிறது.

2. ‘பற்றவைத்தால் எரிகிறதே!’

எரிவது உண்மை, சரியாக எரிவதில்லை. ஒரு ஜெட் வழியாகக் கிடைக்கும் வெப்பம் துளையின் பரப்பு, வாயுவின் அழுத்தம், அடர்த்தி, வெப்ப மதிப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால், எல்.பி.ஜி. ஜெட்டில் குழாய் எரிவாயு தருவது பழைய வெப்பத்தில் ஏறத்தாழ பாதிதான். சோறு வேக நேரமாகும். தேவையோடு ஒப்பிட்டால் கலவையில் காற்றின் பங்கும் கூடிவிடுவதால் சுடர் குட்டையாகி, பர்னரை விட்டு எழும்பவோ அணையவோ கூடும். தானாக அடைக்கும் பாதுகாப்பு வால்வு இல்லாத அடுப்பில், சிம்மில் வைத்த தீ அணைந்தால் எரியாத வாயு அறையில் நிறையும்.

3. ‘குழாய் எரிவாயுவுக்குச் சூடே குறைவு’

இப்படி மெதுவாக எரியும் அடுப்பைப் பார்த்துப் பிறந்த பழி இது. கன அளவில் மீத்தேனின் வெப்பம் குறைவு. எடைக்கு எடை பார்த்தால் எல்.பி.ஜி.க்குச் சளைத்ததல்ல. ஜெட் துளையின் விட்டம் ஏறத்தாழ 1.4 முதல் 1.5 மடங்காகவும், அதனால் பரப்பு ஏறக்குறைய இரு மடங்காகவும் இருந்தால் அதே பர்னரில் அதே வெப்பம் கிடைக்கும். குறை வாயுவில் இல்லை, மாற்றப்படாத ஜெட்டில் இருக்கிறது.

4. ‘பழைய ஜெட்டையே துளைத்துப் பெரிதாக்கலாம்’

ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அளவு கொண்டது. விட்டம் 10 சதவீதம் கூடினாலே பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். கையால் துளைப்பவருக்கு இந்த நுட்பம் பிடிபடுவது அரிது. துளை சாய்ந்தாலோ உள்ளே பிசிறு நின்றாலோ வாயு நேராகப் பாயாமல் கலவைக் குழாயின் சுவரில் மோதும். உள்ளிழுக்கப்படும் காற்று குறையும். விளைவு மஞ்சள் சுடர், பாத்திரத்தின் அடியில் கரி, கூடவே மணமற்ற நச்சான கார்பன் மோனாக்சைடு. அந்த மாடலுக்கென அளவு குறித்துத் தயாரிப்பாளர் தரும் ஜெட்டே சரியான தீர்வு.

5. ‘காற்றைவிட லேசானது, கசிந்தாலும் கவலையில்லை’

முன்பாதி சரி. மீத்தேன் மேலே எழும்பும், எல்.பி.ஜி. தரையோடு தங்கும். ஆனால் மேலே போக வழியில்லாத சமையலறையில் மீத்தேன் கூரையடியிலும் பரணிலும் பொய்க்கூரைக்குள்ளும் சேரும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருக்கும்போது ஒரு பொறி போதும். ஆகவே காற்றுப்போக்கு உயரத்தில் இருக்க வேண்டும். எல்.பி.ஜி.க்காகத் தரையருகே பொருத்திய கசிவு உணர்கருவி இனி உதவாது. அது கூரையருகே இருக்க வேண்டும்.

6. ‘தேவைப்பட்டால் மீண்டும் சிலிண்டரில் மாட்டிக்கொள்ளலாம்’

எல்லாவற்றிலும் கொடிய தவறு இது. குழாய் எரிவாயு ஜெட்டில் எல்.பி.ஜி. பாய்ந்தால் வெப்பம் இரு மடங்கைத் தாண்டும். காற்று போதாமல் மஞ்சள் தீ பாத்திரத்தைச் சுற்றி எழும். கரியும் கார்பன் மோனாக்சைடும் பெருகும். கழற்றிய ஜெட்டுகளைப் பத்திரப்படுத்தி, திரும்பும்போது மீண்டும் பொருத்திய பின்பே சிலிண்டரை இணைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

வேலையை எரிவாயு நிறுவனத்தின் பயிற்சி பெற்ற பணியாளரோ அடுப்புத் தயாரிப்பாளரின் சேவைப் பணியாளரோ செய்வதே முறை. முதலில் அந்த மாடலை மாற்ற இயலுமா என்று உறுதிசெய்ய வேண்டும். வாயுவை அடைத்து, ஒவ்வொரு பர்னருக்கும் உரிய ஜெட்டை மாற்ற வேண்டும். சின்ன பர்னருக்கும் பெரிய பர்னருக்கும் அளவு வேறு. காற்றுத் திறப்பும் நாப் வால்வில் உள்ள சிம் அளவும் இருந்தால் அவற்றையும் திருத்த வேண்டும். பின்னர் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்க வேண்டும். தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்கக் கூடாது. கடைசியாக ஒவ்வொரு பர்னரையும் பெரிதாகவும் சிம்மிலும் எரித்து, சுடர் நீலமாக, பர்னரில் ஒட்டி, அணையாமல் நிற்பதைப் பார்க்க வேண்டும். எந்த வாயுவுக்கு மாற்றப்பட்டது என்பதை அடுப்பின் அடியில் எழுதி ஒட்டிவைத்தால், பின்னாளில் அதை வாங்குபவரும் பழுது பார்ப்பவரும் தவறான வாயுவில் இணைக்க மாட்டார்கள்.